தரையில் படுக்கும் மேடம்

எங்கள் மேடம் தரையில் படுத்துக்கொள்வார். அவரைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் வாயில் வருவது இதுதான். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பாக்கெட்டில் கத்தரிக்கோல், எல்லாம் டிப்டாப்பாக இருக்கும். ஆனால் வீட்டுக்குள் நுழைந்து, விழுந்து கிடக்கிறவரைப் பார்த்துவிட்டால் போதும். அந்த இஸ்திரி என்ன ஆகும் என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் பக்கத்திலேயே ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார். பாத்ரூம் என்றால் பாத்ரூம், மாட்டுக்கொட்டகை என்றால் மாட்டுக்கொட்டகை.

நான் அந்த ஆம்புலன்சின் டிரைவர். எங்கள் ரெக்கார்டில் டிரைவரை 'பைலட்' என்று எழுதுவார்கள். பேர்தான் பைலட். ஓட்டுவதென்னவோ குடிபாலாவிலிருந்து சித்தூருக்கும் பாலசமுத்திரத்துக்கும் பங்காருபாளையத்துக்கும், குழி பார்த்துக் குழி பார்த்து. மேடம் டெக்னீஷியன், அதாவது முதல் உதவி செய்கிறவர். நாலு வருஷம் ஒரே வண்டியில் இருந்தோம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் அண்ணா என்பார். இடையில் சிரிப்பும் சண்டையும் சரிபாதி.

அவர் ஏன் படுத்தார் என்பதற்கு எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உயிர் போனவரைத்தான் நாங்கள் வெறும் தரையில் கிடத்துவோம். உயிரோடு இருக்கிற மனுஷன் தரையில் கிடந்தால் பார்க்கிறவர்களுக்குத் தாங்காது. உடனே நாலு பேர் கையொருபக்கம் காலொருபக்கமாகத் தூக்கி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தலைக் காயத்தில் காபித்தூளை அப்பி, வாயில் சோடாவை ஊற்றிவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். எல்லாம் பாசம்தான். கழுத்தில் அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கிலேயே கதை முடிந்துவிடும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால் வண்டி நிற்பதற்குள்ளேயே மேடம் கதவைத் திறந்து கத்துவார். "தூக்காதீங்க! லேப்பொத்து!" தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. அந்தக் குரல் இருக்கிறதே, தெருவே திரும்பிப் பார்க்கும். இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு பெரிய குரலை யார் வைத்தார்கள் என்று நான் கேலி செய்வேன்.

பாலசமுத்திரத்தில் ஒரு பெரியவர் குளிக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டார். பின்மண்டையில் வீக்கம். நாங்கள் போனபோது நல்லவேளையாகத் தரையில்தான் இருந்தார். மேடம் வழக்கம்போலப் பக்கத்தில் படுத்துவிட்டார். நான் அவர் தலையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பெரியவரின் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது.

"உயிரோட கீற மனுசன தரையில போட்டு வெச்சிகினு கீறியேம்மா, உனக்கு அறிவு கீதா?"

மேடம் அவரை அண்ணாந்து பார்த்தார். "நானும்தான் படுத்துக்கினு கீறேன். நான் செத்துட்டேனா?"

அடிபட்ட பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காத தாத்தா, தல ஆடும்" என்று அவரை அதட்டிவிட்டு, "காலைல இன்னா துன்னீங்க?" என்று கேட்டார்.

"களி."

"களிக்கு இன்னா?"

"கீரக் கொழம்பு."

நாடி பிடித்தார், கண்ணில் டார்ச் அடித்தார், கழுத்துக்குப் பட்டை கட்டினார். வீட்டில் உள்ளவர்கள், அவருக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் பேசுகிறார், ஆஸ்பத்திரியெல்லாம் எதற்கு என்று ஆரம்பித்தார்கள். மேடம் அவசரப்படவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி படுத்து அதே கேள்வியைக் கேட்டார். "தாத்தா, காலைல இன்னா துன்னீங்க?"

"இட்லி" என்றார் பெரியவர்.

மேடம் எழுந்துவிட்டார். "வண்டில ஏத்துங்க அண்ணா." அவ்வளவுதான். சித்தூர் போவதற்குள் பெரியவர் வாந்தி எடுத்தார். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள், ஆபரேஷன் நடந்தது, பிழைத்துக்கொண்டார். ரெண்டு மாசம் கழித்து அதே தம்பி ஒரு பை வேர்க்கடலையோடு எங்களைத் தேடி வந்து, மேடத்தின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, பையை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

தலையில் அடிபட்ட யாரைப் பார்த்தாலும் இந்தச் சாப்பாட்டுக் கேள்விதான். பிரதமர் பேர் கேட்கச் சொல்லித்தான் டிரெயினிங்கில் சொல்லியிருக்கிறார்கள். "அது நல்லா கீறவங்களுக்கே தெரியாது அண்ணா, துன்னது தெரியும்" என்பார்.

நாலு வருஷத்தில் நாங்கள் ஓயாமல் சண்டை போட்டது ஒரே ஒரு விஷயத்துக்கு. வண்டிக்குள் டிரைவருக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கும். பின்னால் பார்க்க எனக்காக வைத்தது. மேடம் என் இடதுபக்க சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைத் தன் பக்கம் திருப்பிவிடுவார். நான் சரிசெய்வேன். டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி திரும்பியிருக்கும். "மேடத்துக்கு அழகு பாக்கவே நேரம் போதல" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சிரித்துவிட்டு, பொட்டைச் சரிசெய்வது போல ஒரு பாவனை பண்ணுவார்.

கேலிக்கு வேறு விஷயங்களும் இருந்தன. ஸ்டெதஸ்கோப் கழுத்தில் தொங்குமே தவிரக் காதுக்குப் போய் நான் பார்த்ததில்லை. நகைக்குப் பதிலாகப் போட்டிருக்கிறார் என்பேன். போன் வந்தால், "நீங்களே பேசுங்க அண்ணா, நான் பேக் எடுத்து வெக்கறேன்" என்று என்னிடம் நீட்டிவிடுவார். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். மனுஷன் ஒன்றை எத்தனை தடவை பார்த்தாலும் தான் நினைத்ததைத்தான் பார்க்கிறான்.

நகரி வண்டி ரிப்பேர் ஆனபோது பத்து நாள் எங்களை அங்கே போட்டார்கள். அது மேடத்தின் சொந்த ஊர். விசைத்தறி வைத்திருக்கிற வீடுகள். சமையல் ஒருபக்கம், தறி ஒருபக்கம், எல்லாம் ஒரே கூரைக்குள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் குண்டு வெடித்தாலும் தெரியாது. ஒரு வீட்டில் ஒரு பெண் பரணிலிருந்து விழுந்து அரைமணி நேரம் கிடந்திருக்கிறாள், நாலடி தள்ளித் தறி ஓட்டுகிற மாமியாருக்கு விழுந்த சத்தமே கேட்கவில்லை. நாங்கள் போனபோதும் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மேடம் அந்த இரைச்சலிலேயே கூடத்தின் அந்தக் கோடியில் நின்ற மாமியாரிடம் ஏதோ கேட்டார். குரல் இல்லை, வாய் மட்டும் அசைந்தது. அந்தம்மாவும் வாயை மட்டும் அசைத்துப் பதில் சொன்னார். நான் நடுவில் ஊமைப்படம் பார்க்கிற மாதிரி நின்றேன். தறி வீட்டில் வளர்ந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று வெளியில் வந்ததும் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குக் கை எலும்பு முறிந்ததோடு போயிற்று.

வேடிக்கை எல்லாம் பங்காருபாளையத்தில் முடிந்தது.

மாம்பழ சீசன். வீட்டுப் பரணில் இருந்த பழைய கூடைகளை இறக்க ஏணியில் ஏறிய மனுஷர் ஏணியோடு சரிந்து தலையில் அடிபட்டுக் கிடந்தார். மேடம் குனிந்து கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மருமகள் கத்தினாள். "ஹார்ட்டுக்கு மாத்திர துன்றாரும்மா! ரத்தம் உறையாம கீறதுக்கு!" தலையில் அடிபட்டவருக்கு இதைவிட முக்கியமான சேதி கிடையாது. ரத்தம் நிற்காது. ஆஸ்பத்திரியில் முதலில் சொல்ல வேண்டியது அதுதான். வாசலில் ஸ்ட்ரெச்சரை விரித்துக்கொண்டிருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது. மேடம் திரும்பவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை.

வண்டியில் ஏற்றியபிறகு, "அந்த மாத்திரைய எழுதிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எந்த மாத்திர?"

சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அவசரமாக எழுதினார், ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொன்னார். அந்த மனுஷர் பிழைத்துக்கொண்டார். ஆனால் எனக்கு எல்லாம் ஒன்று சேர்ந்துவிட்டது. ஸ்டெதஸ்கோப், போன், அந்தப் பெரிய குரல். வண்டியைக் கழுவும்போது பின்னால் நின்று "மேடம், மேடம்" என்று ரெண்டு தடவை கூப்பிட்டேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். முன்னால் போய் நின்று கேட்டேன்.

"வலது காது சுத்தமா இல்ல அண்ணா" என்றார். "இடது பாதி. வேலைக்கு சேரும்போது நல்லாதான் இருந்துச்சி. தறி சத்தம் சின்ன வயசுல காத துன்னது, இப்பதான் வெளிய தெரியுது. மூஞ்சிய பாத்தா போதும், வாய பாத்தே புரிஞ்சிக்கினு பேசிடுவேன். அதுக்குதான் கீழ படுக்கறேன். கிடக்கறவங்க வாய் வேற எப்படி தெரியும்?"

அவர் கையிலிருந்த பக்கெட்டை வாங்கிக் கீழே வைத்தேன்.

"யாராண்டயும் சொல்லாதீங்க அண்ணா. வண்டிய விட்டு இறக்கிடுவாங்க. இத விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது."

தலையாட்டினேன். ஆட்டிய தலையோடு மூன்று நாள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டினேன். ஒவ்வொரு கேசிலும் யார் பின்னாலிருந்து என்ன சொல்கிறார்கள் என்று என் காதுதான் அலைந்தது. அடுத்த மருமகள் கத்தும்போது நான் வாசலில் இல்லாமல் போனால்? நாலாம் நாள் எங்கள் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க சார்" என்று சேர்த்துக்கொள்ளவும் மறக்கவில்லை. சரியான காரியம் செய்தவன் பேரை மறைக்கச் சொல்ல மாட்டான். அது அப்போதே எனக்கு உறைத்தது.

பத்து நாள் போயிருக்கும். என் வாரலீவு. என் வீட்டுக்காரி துவைத்த துணியை பக்கெட்டில் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். எங்கள் வீட்டு வெளிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. அடுத்த மாசம் வைத்துவிடலாம் என்று வீடு கட்டிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். டம் என்று சத்தம் கேட்டு ஓடினேன். படிக்குக் கீழே சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தாள், கண் திறந்திருந்தது, சுற்றிலும் ஈரத் துணி.

நாலு வருஷம் ஊர் ஊராகப் போய் "தூக்காதீங்க" என்று கத்தியவன் நான். அவளைத் தூக்கினேன்.

வேறு எதுவுமே தோன்றவில்லை. தரையில் கிடக்கிறாளே, என்னுடையவள் தரையில் கிடக்கிறாளே, அது ஒன்றுதான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி முதல் படியில் சாய்த்து உட்கார வைத்தேன். தலை என் தோளில் விழுந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினாள், சத்தம் வரவில்லை. பயத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து, "பயப்படாத, பயப்படாத, ஒண்ணும் இல்ல" என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டம்மா சோடாவுக்கு ஓடினாள். அவள் பையன் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினான்.

எங்கள் வண்டிதான் வந்தது. எனக்குப் பதிலாக வேறு டிரைவர். மேடம் இறங்கும்போதே, "தூக்காதீங்க! லேப்பொத்து!" என்றார். அப்புறம் படியில் சாய்ந்திருக்கிறவளைப் பார்த்தார்.

"யார் தூக்கினது?"

"நான்தான் மேடம்."

ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "தலைய புடிங்க அண்ணா. நேரா. நான் சொல்றப்பதான் அசையணும்" என்றார். மூன்று பேராகச் சேர்த்து, பலகையைச் சாய்ப்பதுபோல அவளைத் திரும்பத் தரையில் இறக்கினோம். மேடம் அந்த ஈர சிமெண்டில் படுத்தார். என் மனைவியின் உதடு அசைந்தது. ரெண்டு காதும் நன்றாக இருக்கிற நான் அவள் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேடம் அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சொன்னார்.

"கை இருக்கறதே தெரியலன்றாங்க. காலு எறும்பு ஊர்ற மாதிரி கீதாம். மூச்சு விட கஷ்டமா கீதாம், அதான் கொரல் வரல." சொல்லிவிட்டு, "அண்ணி, தலைய ஆட்டாதீங்க, ஆமான்னா கண்ண மூடுங்க" என்றார். அவள் கண்ணை மூடித் திறந்தாள். அதற்கப்புறமும் அவள் உதடு அசைந்தது. மேடம் இதை மட்டும் எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. "சரி அண்ணி, சரி" என்று மட்டும் சொன்னார்.

பட்டை, பலகை, தலைக்கு ரெண்டு பக்கமும் கட்டை, ஆக்சிஜன். சித்தூரில் பார்த்துவிட்டுத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். வழி முழுக்க மேடம் அவள் முகத்துக்கு மேல் குனிந்தே வந்தார். கழுத்து எலும்பு விலகி நரம்பை அழுத்தியிருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் ஆட்டியிருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்றும் சொன்னார். ஆட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள் அவள் கால் விரலை அசைத்தபோது வராந்தாவில் நின்று அழுதேன்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று மேடத்தின் கையில் ஒரு கடிதம் இருந்தது. திருப்பதியில் காது டெஸ்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டெஸ்ட் நாளன்றே எங்களுக்குத் திருப்பதிக்கு ஒரு கேஸும் அமைந்தது. அதை இறக்கிவிட்டு, டெஸ்ட் எடுக்கிற இடத்தில் மேடத்தை விடப் போனேன். வழக்கம்போலக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அன்றைக்கு நான் அதைத் தொடவில்லை.

சிக்னலில் நின்றோம். முன்னால் ஒரு பஸ், ஜன்னல் முழுக்க மொட்டைத் தலைகள், சந்தனம் காயாமல். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அவருடைய செத்த காது என் பக்கம்தான் இருந்தது. அந்தத் தைரியத்தில், அந்த பஸ்ஸை நேராகப் பார்த்துக்கொண்டே, மூச்சுக்காற்று அளவுக்குச் சொன்னேன். "மேடம், மேல சொன்னது நான்தான்."

சொல்லியாகிவிட்டது, கேட்டிருக்காது. என்னைப் போன்ற கோழைக்கு அது போதும் என்று இருந்தது.

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தேன்.

"தெரியும் அண்ணா" என்றார் மேடம்.

எனக்குக் கால் பிரேக்குக்குப் போய்விட்டது.

"நாலு வருசமா இந்த கண்ணாடிய எதுக்கு திருப்பி வெக்கறேன்னு நெனச்சீங்க? உங்க வாய் தெரியணும் இல்ல."

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது.

"நீங்க சொன்னது தப்பில்ல. அந்த மாத்திரைக்கு அப்புறம் நானே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். மொதல்லயே தெரியும், உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னயே. சூப்பர்வைசர் காத பத்தி கேட்டாரு, உங்கள விட்டா யாருக்கு தெரியும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணி அன்னிக்கு இன்னொண்ணு சொன்னாங்க. உங்களாண்ட சொல்லல."

"இன்னா சொன்னா?"

"நீங்க தூக்கும்போது, 'தூக்காத, தூக்காத'ன்னு உங்கள பாத்து சொல்லிக்கினே இருந்தாங்களாம். நீங்க கேக்கலியாம்."

டெஸ்ட் எடுக்கிற இடம் வந்துவிட்டது. இறங்கி, யூனிஃபார்மைத் தட்டிவிட்டுக்கொண்டு, படியேறி உள்ளே போனார். டெஸ்டில் தேறவில்லை. வண்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நகரியிலே ஒரு சின்ன கிளினிக்கில் கட்டுப் போடுகிற வேலையில் இருப்பதாகக் கேள்வி. அவருக்குப் பிறகு வந்த பையன் நல்லவன்தான், காதும் பாம்புக் காது, ஆனால் நின்றபடியே குனிந்து கேள்வி கேட்பான். படுத்துக் கேள் என்று ஒரு நாள் சொன்னேன். "பட்டலு பாடைபோதாயி அன்னா" என்று சிரித்தான். உடுப்பு பாழாகிவிடுமாம். ஒரு வருஷத்தில் நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன்.

நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. சரி என்றுதான் அவரே சொன்னார். அதுதான் தாங்கமுடியவில்லை.

வீட்டுப் படிக்குக் கைப்பிடி வைத்துவிட்டேன். என் மனைவி அதைப் பிடித்து மெதுவாக ஏறி இறங்குகிறாள். இடது கையில் மட்டும் பிடிமானம் குறைவு. குரல் பழையபடி வந்துவிட்டது, தெருமுனை வரை கேட்கும். ஆனாலும் அவள் சமையலறையிலிருந்து ஏதாவது சொன்னால், நான் கையில் இருப்பதை வைத்துவிட்டு, எழுந்து போய், அவள் எதிரில் நின்று வாயைப் பார்க்கிறேன்.

"உக்காந்த எடத்துலயே பதில் சொன்னா ஆவாதா?" என்று அலுத்துக்கொள்கிறாள். "இன்னா, காது கேக்கலியா உனக்கு?"

கேட்காது என்கிறேன்.